பஞ்ச் உங்களோடது... நம்பர் யாரோடது?

படம் ஆரம்பிக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கு. கையில் பாப்கார்ன் வாங்கக் காசில்லை. கேங் நேரா எங்கே போகும்? கேம் ஸோன்! அங்கே ஒரு மூலையில், பேரிக்காய் மாதிரி ஒரு சிவப்புப் பை தொங்கிட்டு நிக்கும் பாருங்க, பாக்ஸிங் மெஷின்... அதைப் பார்த்ததும் யாராவது ஒருத்தன் ஆரம்பிச்சுடுவான். “மச்சி, ஒரு குத்து விடுடா பார்ப்போம்!”

என் சித்தி பையனும் அப்படித்தான் விட்டான். மெக்கானிக்கல், மூணாம் வருஷம். தினமும் ஜிம் போற உடம்பு. முதல் குத்து 612. அடுத்து வந்தான் அவன் க்ளாஸ்மேட், காத்தடிச்சா பறந்துபோற மாதிரி ஒரு ஒல்லிப்பிச்சான். 780! கேங் மொத்தமும் ஓஹோனு சிரிச்சது. நம்ம ஆளுக்கு ரோஷம். கார்டைத் தேய் தேய்னு தேய்ச்சு குத்திக்கிட்டே இருந்தான். ஆறாவது குத்தில் மணிக்கட்டு மடங்கி, ‘டக்’னு ஒரு சத்தம்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், சுண்டு விரலுக்குக் கீழே இருக்கிற உள்ளங்கை எலும்பு முறிஞ்சிருக்குனு சொன்னார். இதுக்குப் பேரே ‘பாக்ஸர்ஸ் ஃப்ராக்ச்சர்’. பேரில்தான் பாக்ஸர்... மாட்டுறது பெரும்பாலும் குத்தவே தெரியாதவங்கதான்! வலது கையில் மாவுக்கட்டு. பத்து நாளில் லேப் எக்ஸாம். சித்தி அழுத அழுகையை நான் எழுதலை.

‘அப்படி என்னத்தைத்தான் அளக்குது இந்த மெஷின்?’ எனக்கு மண்டை குடைஞ்சது. இந்த மாதிரி மெஷின்களை ரிப்பேர் பண்ற ஒரு அண்ணனைப் பிடிச்சேன். சிரிச்சுக்கிட்டே கதவைத் திறந்து காட்டினார்.

“தம்பி, இது உன் பலத்தை அளக்கலை. வேகத்தை அளக்குது.”

பை தொங்குற இரும்புக் கையோட மேல் முனையில் ஒரு சின்னத் தகடு. அதுக்கு எதிரே ‘ப’ வடிவத்தில் ஒரு சென்ஸார். சென்ஸாரின் ஒரு பக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வருது, மறுபக்கம் அதை வாங்கிக்குது. நீங்க குத்தினதும் பை மேலே பறக்குது, தகடு அந்த ஒளியை வெட்டிட்டுப் போகுது. எவ்வளவு நேரம் ஒளி மறைஞ்சதுனு உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டு கணக்குப் பண்ணுது. அவ்வளவுதான் விஷயம்!

ப்ளஸ் டூ ஃபிஸிக்ஸ்கூட வேண்டாம், எட்டாங் கிளாஸ் கணக்கு போதும். தகடு 2 செ.மீ. அகலம்னு வெச்சுக்கோங்க. 5 மில்லி செகண்டில் கடந்தா வேகம் விநாடிக்கு 4 மீட்டர். 4 மில்லி செகண்டில் கடந்தா 5 மீட்டர். ஒரே ஒரு மில்லி செகண்ட் வித்தியாசத்துக்கு வேகம் 25 சதவிகிதம் ஏறிடுது! அந்த வேகத்தை 999-க்குள்ள ஒரு நம்பரா மாத்துறது மெஷின் கம்பெனியோட சொந்தக் கணக்கு. அது கிலோவும் இல்லை, நியூட்டனும் இல்லை. இதில் ‘ஈஸியா, கஷ்டமா’னு மாத்திக்க சர்வீஸ் மெனுவில் ஆப்ஷன் வேற உண்டு. அதனால், இந்த மாலில் எடுத்த 850-ம் அந்த மாலில் எடுத்த 850-ம் ஒண்ணே இல்லை.

சரி, மெஷின் எப்பல்லாம் பொய் சொல்லும்? அண்ணன் விரல் விட்டு எண்ணினார்.

சென்ஸார் கண்ணில் தூசி படிஞ்சா, ஸ்கோர் தாறுமாறா வரும், இல்லேன்னா வரவே வராது. காய்ந்த துணியால் துடைச்சாலே பாதி நோய் போயிடும்.

பேரிங் கிரீஸ் இல்லாம இறுகிட்டா, கை மெதுவா நகரும். பயில்வான் குத்தினாலும் பச்சப்புள்ள மார்க்தான்.

பையில் காத்து குறைஞ்சா, உங்க குத்தைப் பையே சாப்பிட்டுடும். கைக்குப் போய்ச் சேராது.

நாலாவதுதான் டேஞ்சர். சென்ஸாரைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ லூஸாகிறது. குத்து வாங்கி வாங்கி அதிரும்போது சென்ஸார் லேசா நகரும். தகட்டின் குறுகலான ஓரம் மட்டும் ஒளியை வெட்டும். மறையுற நேரம் குறையும். உடனே மெஷின், ‘அடேங்கப்பா, என்னா ஸ்பீடு!’னு ஏமாந்துடும்.

“சரி பண்ணினா மட்டும் போதாதுப்பா, செக் பண்ணணும். ஒரே எடையை, ஒரே உயரத்திலிருந்து ஊசல் மாதிரி ஆட விட்டு பையில் மோத விடு. பத்து தடவை மோதினாலும் கிட்டத்தட்ட ஒரே நம்பர் வரணும். வந்தா மெஷின் யோக்கியம். ஒரு தடவை 600, அடுத்த தடவை 800-னு வந்தா, அது மெஷின் இல்லை... லாட்டரி!”

நம்ம பையன் குத்தின மெஷின் எதுனு சொன்னேன். அண்ணன் ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம் மெதுவா சொன்னார்: “அதில் ஸ்க்ரூ லூஸ் தம்பி. போன வாரம்தான் டைட் பண்ணிட்டு வந்தேன்.”

ஆக, 612-ம் பொய். 780-ம் பொய். உடைஞ்ச எலும்பு மட்டும் நிஜம்.

இனிமே குத்தவே கூடாதானு கேட்காதீங்க. தாராளமா குத்துங்க. ஆனா, மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டிடுங்க. கட்டை விரலை மற்ற விரல்களுக்குள்ள மடக்காம, வெளியே வைங்க. மணிக்கட்டு வளையாம முழங்கையோட நேர்க்கோட்டில் இருக்கட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள்தான் முதலில் படணும், சுண்டு விரல் பக்கம் இல்லை. ஓடி வந்து குத்துற ஹீரோயிஸம் வேண்டாம். பை ஆடுற எல்லையில் யாரும் நிக்கக் கூடாது. முக்கியமா, ரெண்டு குத்துக்கு மேல போகாதீங்க. மூணாவது குத்து கையோடது இல்லை, ரோஷத்தோடது!

மாவுக்கட்டைப் பார்க்கிறப்பல்லாம் அந்த ஒல்லிப்பிச்சான் கண்ணில் தண்ணி வருதாம். இவன் லேப் அப்ஸர்வேஷனை இப்போ அவன்தான் எழுதிக் கொடுக்கிறான். கேட்டதுக்கு இவன் சொன்னான்: “விடுண்ணே... அந்த மெஷின் அளக்காததை இவன் அளந்துட்டான்!”

நம்ம பையனும் கடைசியில் ஒரு பஞ்ச் உருப்படியா விட்டுட்டான்!