கசப்பிலும் ஒரு நோக்கம் உண்டு

இறைவன் படைப்பில் வீணானது என்று ஏதேனும் உண்டா? ரெட்டியார்சத்திரம் சாலையோரத்தில் வளரும் எருக்கைப் பார்த்து, "மாடுகூடத் தின்னாத செடி எதற்கு?" என்று கேட்கிறோம். தோழியரே, அந்தக் கேள்வியிலேயே விடையும் இருக்கிறது.

ஓடித் தப்பிக்கச் செடிக்குக் கால்கள் இல்லை. எனவே அது நஞ்சையும் கசப்பையும் மணத்தையும் காவலாக வைத்திருக்கிறது. எருக்கம்பாலிலுள்ள நஞ்சு இதயத் துடிப்பையே பாதிக்க வல்லது. ஆனால் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்றே வளர்கிறது! வளர்ந்த பூச்சியின் உடலிலும் கசப்பு தங்குவதால் பறவைகள் அதை ஒதுக்குகின்றன. கறிவேப்பிலையின் மணமும் அப்படித்தான். பல பூச்சிகளுக்கு அது விரட்டி. கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சிக்கோ அதுவே முகவரி.

செடி புது நஞ்சை உண்டாக்க, பூச்சி அதைத் தாங்கும் வழியைத் தேட, நெடுங்காலம் நடந்த இந்தப் போட்டியே இத்தனை இனங்கள் தோன்ற ஒரு காரணம் என்று 1964-இல் எர்லிக், ரேவன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் விளக்கினர். வெப்பமண்டலக் காட்டில் பல்வகை மரங்கள் பல்வகைப் பூட்டுகள்; பல பூச்சிகளிடம் ஓரிரு பூட்டுக்கான சாவியே உண்டு.

2019-இல் நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்கிறது. அதன் புழுவுக்கு உணவு மரவெட்டி மரத்தின் இலை. இக்கால மாத்திரைகள் வருமுன் தொழுநோயாளருக்கு மருந்தாக இருந்ததும் அம்மரத்தின் விதை எண்ணெயே. அந்த மரத்தை வெட்டிவிட்டு வேறு நூறு மரங்களை நட்டாலும் அந்தப் புழுவின் பசி தீருமா?

ஆகவே ஒரே வகைக் கன்றுகளை வரிசையாக நட்டுவிட்டு, "காடு வளர்த்தோம்" என்று மகிழ்வதை என்னால் ஏற்க இயலவில்லை. எண்ணிக்கையைவிட வகையே முக்கியம். பயிரைக் காக்க வேண்டிய உழவரை நான் குறை கூறவில்லை. ஆனால் வீட்டுக் கறிவேப்பிலையில் நான்கு புழுக்களைக் கண்டவுடன் மருந்து தெளிக்கத்தான் வேண்டுமா? எருக்கம்பால் கண்ணுக்குக் கேடு என்பது உண்மை. சிறு பிள்ளைகள் நடமாடாத வேலியோரத்தில் ஒரு செடியை விட்டுவைக்கலாமே!

நம்மால் அழியும் உயிரினங்கள் இனித் தங்கள் இருப்பால் இறைவனைப் புகழ இயலாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வருந்தினார். அந்தப் புகழ்ச்சிப் பாடலில் வெந்தய வரியனின் குரலும் உண்டு. பள்ளி வளாகத்தைத் துப்புரவு செய்யும் நாளில், அரிவாளை எடுக்குமுன் இலையின் அடிப்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்ப்போம்.