ஏரிக்கு 14 மீட்டர், கடலுக்கு 84 மீட்டர்: பழவேற்காடு படகில் நங்கூரக் கயிறு எவ்வளவு இருக்கணும்?

கடலிலிருந்து திரும்பும் ஃபைபர் படகு ஒன்று. பழவேற்காடு முகத்துவாரத்துக்கு வெளியே இன்ஜின் நின்றுவிடுகிறது. மணல் சேர்ந்து தூர்ந்த இடத்தில் அலை உடைகிறது. படகை அந்தப் பக்கமே தள்ளுகிறது. அப்போது படகுக்கு இருக்கும் ஒரே பிரேக் நங்கூரம்தான். அந்த பிரேக் பிடிக்குமா என்பது பெரும்பாலும் கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது.

ஏன் நீளம்?

நங்கூரத்தின் கொக்கி மண்ணில் புதைந்து நிற்க, கயிறு அதைக் கிட்டத்தட்ட படுக்கைவாக்கில் இழுக்கணும். கயிறு குட்டை என்றால் இழுப்பு மேல்நோக்கிப் போகும். ஒவ்வொரு அலைக்கும் கொக்கி பெயர்ந்து வரும்.

கணக்கு என்ன?

தண்ணீரின் ஆழம், தண்ணீருக்கு மேல் அணியத்தின் உயரம், ஓதம் ஏறும் அளவு: மூன்றையும் கூட்டி 7-ஆல் பெருக்கணும். அமைதியான கடலில் 5 மடங்கு போதும். காற்று பலம் என்றால் 10 மடங்கு.

பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் சுமார் 1 மீட்டர்தான். அணியம் 1 மீட்டர் என்றால், ஓதத்தை விட்டுவிட்டாலும் 2 × 7 = 14 மீட்டர். அணியத்தை மறந்தால் 7 மீட்டர்தான் வரும், அதாவது பாதி.

அதே படகு 10 மீட்டர் ஆழக் கடலுக்குப் போனால்? ஓதத்துக்கு 1 மீட்டர் சேர்த்து 12 × 7 = 84 மீட்டர். ஏரிக் கயிறு அங்கே அடியைத் தொட்டாலும் பிடிக்காது.

என்ன செய்யலாம்?

2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். படகுப் பாதுகாப்பு என்றாலே லைஃப் ஜாக்கெட்தான் நினைவுக்கு வருகிறது. அது கட்டாயம் வேணும். ஆனால் அது உதவுவது ஆள் தண்ணீரில் விழுந்த பிறகு. நங்கூரம் உதவுவது அதற்கு முன்பு.

நீளக் கயிறு செலவு, இடத்தையும் அடைக்கும் என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் இன்ஜினோடும் வலையோடும் ஒப்பிட்டால் இது சின்னச் செலவு. அனுபவசாலிகள் பாகம் கணக்கில் கையாலேயே அளந்துவிடுவார்கள். புதிதாகக் கடலுக்குப் போகும் பையனுக்கு? 5 பாகத்துக்கு ஒரு பெயின்ட் அடையாளம் போட்டால் இருட்டிலும் டார்ச் அடித்து எண்ணிவிடலாம். மீன்வளத்துறையும் படகு ஆய்வின்போது கயிற்றை அளந்து பார்க்கணும். கயிறு குறைகிறது என்பது கரையிலேயே தெரிந்தால் சரிசெய்துவிடலாம், முகத்துவாரத்தில் தெரிந்து பயனில்லை.