இரட்டை வீரர் வேடம்

 

மாறுவேடப் போட்டி என்று அறிவித்தவுடன் திருவள்ளுவரும் பாரதியாரும் கட்டபொம்மனும் பள்ளி மேடைக்கு வருவது நெடுநாள் வழக்கம். அவ்வழக்கம் நிலைத்திருத்தல் வேண்டும். ஆயினும், இந்நாளில் சிறுவர் பலர் இருவர் இருவராய்ச் சேர்ந்து, திரையிலும் படக்கதைகளிலும் கண்ட வீரர்களாக வேடம் புனைய விழைகின்றனர். இஃது அந்நிய மோகம் எனச் சிலர் முகம் சுளிப்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. எவரைத் தேர்ந்தெடுக்கிறோம், எதன்பொருட்டுத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே எண்ணிப் பார்க்கத்தக்கது.

உலகறிந்த இரட்டையர் பேட்மேனும் ராபினும் ஆவர். பேட்மேன் 1939-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படக்கதை இதழொன்றில் தோன்றினான். ராபின் 1940-இல் வந்து சேர்ந்தான். முன்னவன் தன் பெற்றோரைக் கள்வனின் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவன். பின்னவனின் பெற்றோர் சர்க்கசில் அந்தரத்தில் ஆடிய கலைஞர்கள். அவர்களும் தீயோர் சதியால் மாண்டனர். இவ்விருவர்க்கும் மாய ஆற்றல் ஏதுமில்லை. கல்வியும் இடைவிடாப் பயிற்சியுமே அவர்தம் வலிமை. மாணவர்க்கு இதனினும் நல்ல பாடம் வேறு வேண்டுமோ?

நம் நாட்டிலும் இத்தகைய இணை உண்டு. 1998-ஆம் ஆண்டு முதல் மலேசியத் தொலைக்காட்சியில் வலம் வந்த கேலிச்சித்திர வீரன் கெலுவாங் மேன். அவன் துணைவன் தியோங் மேன். கெலுவாங் என்பது பழந்தின்னி வௌவால். தியோங் என்பது மைனா. நாம் அன்றாடம் காணும் உயிர்களின் பெயர் தாங்கிய இவர்களையும் நம் சிறுவர் நினைவிற்கொள்ளலாம்.

இருவர் வேடத்தில் ஒரு சிக்கல் எழும். துணைவன் வேடம் தாழ்ந்தது என்றெண்ணிப் பிள்ளைகள் பிணங்குவர். உடல் பெருத்தவனோ, விலையுயர்ந்த உடை வாங்கியவனோ தலைவனாகி விடுவான். பேட்மேன் கதைகளை எழுதிய பில் ஃபிங்கர், தனித்துத் திரியும் வீரன் பேசுவதற்கு ஒரு துணை வேண்டியிருந்ததனாலேயே ராபின் பிறந்தான் என்று பிற்காலத்தில் கூறியுள்ளார். ஆகவே, துணைவன் இன்றித் தலைவன் கதை நிறைவு பெறாது. வேடத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்க. பரிசை இருவர்க்கும் சமமாக வழங்குக. இணை கிடைக்காமல் ஒதுங்கி நிற்கும் பிள்ளையை ஆசிரியர்கள் முதலில் தேடிச் சேர்த்தல் வேண்டும்.

அடுத்தது செலவு. ஒரு நாள் வேடத்திற்காகத் தோட்டப் பாட்டாளி கடன்படுதல் அறவே கூடாது. பழைய சட்டை, கிழிந்த கைலி, அட்டை, வண்ணத்தாள் ஆகியவை போதும். ராபினுக்குச் சிவப்பு, பச்சை, மஞ்சள். பேட்மேனுக்குச் சாம்பல் நிறமும் கறுப்பும். கடையில் வாங்கிய உடைக்கு நடுவர்கள் தனிப்புள்ளி தருதல் கூடாது. தாமே செய்த திறனுக்கும் மேடையில் பேசும் தமிழுக்கும் புள்ளி வழங்குக.

பாதுகாப்பையும் மறத்தலாகாது. முகமூடியின் கண்துளைகள் அகலமாக இருக்கட்டும். முதுகில் தொங்கும் துணியைக் கழுத்தில் இறுகக் கட்டாமல் இரு தோள்களிலும் இலேசாகத் தைத்திடுக. அது முழங்காலுக்கு மேல் நிற்கட்டும். அவ்வுடையுடன் மரமேறுதலும் மிதிவண்டி ஓட்டுதலும் வேண்டா.

பெற்றோர்களே! துணியை வெட்டுமுன் பிள்ளைகள் இருவரையும் அமர்த்தி, "நீங்கள் யார்? எவரைக் காக்கிறீர்கள்? ஒருவருக்கொருவர் எவ்வாறு உதவுகிறீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்லத் தெரிந்த இருவர் அட்டை முகமூடியுடன் வந்தாலும் நம் மேடையில் அவர்களுக்கு இடமுண்டு.