பெல்ட் முன்னுக்கு, பின்னுக்கு?

1959ல வொல்வோவின் நில்ஸ் போலின் மூன்று புள்ளி சீட் பெல்ட்டைச் செய்தார். ஹட்டன் பக்கம் பழைய பிக்கப்களுக்கு நாங்கள் இன்னும் எல்.ஈ.டி லைட்டும் சவுண்ட் செட்டும்தான் பூட்டுறோம். பெல்ட் பூட்டினாலும் வெறும் தகரத்துல ஓட்டை போட்டு ஒரு போல்ட். அடிபட்டால் தகரமே கிழியும்; அடியில் தடித்த இரும்புத் தகடு வேண்டும்.

சரி, முன்னுக்கு இருப்பவர் தப்பினார். பின்னால் கொழுந்துச் சாக்கோடு சாக்காக நிற்கும் எங்கள் அம்மாமார்? அவங்களுக்குப் பெல்ட் பூட்ட சீட்டே இல்லையே!

2025 மே 11, கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஸ்டேட்டஸ் போட்டோம். மறுநாளும் பின்பக்கம் ஏறினோம்.

பின்பக்கம் சாமானுக்கு. ஆளை ஏத்துறதென்றால் சீட்டுள்ள வண்டி தாங்க. அதுவரை ஏற மாட்டோம் என்று முதலில் நாங்கள் சொல்லிப் பழகணும்.