இன்டர்கூலர் வாங்கும் முன்னாடி சோப்புத் தண்ணி கலக்குங்க

டர்போ வண்டி வச்சிருக்கிற நாலு பேர் கேன்டீனில் உட்கார்ந்தா, பேச்சு கடைசியில் இன்டர்கூலர்ல வந்து நிற்கும். வண்டி முன்ன மாதிரி இழுக்கலையா? பெரிய இன்டர்கூலர் போடு. ஏற்றத்தில் ஏசி போட்டா திணறுதா? பெரிய இன்டர்கூலர் போடு. கரும்புகை தள்ளுதா? அதுக்கும் அதே மருந்துதான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இழுவை குறைஞ்ச வண்டிக்குப் பெரிய இன்டர்கூலர் வைத்தியம் இல்ல. முதல்ல காற்று எங்கே கசியுதுன்னு பாருங்க. அதுக்குத் தேவை கொஞ்சம் சோப்புத் தண்ணியும் ஒரு மணி நேரமும்தான்.

கணக்கு என்ன சொல்லுது?

தெர்மல் பாடத்தில் எல்லாரும் போட்ட கணக்குதான். நம்ம ஊர் மே மாத மதியம், வெளியே 38 டிகிரி. டர்போ 1 பார் பூஸ்ட் கொடுக்குது, அதாவது காற்றின் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகுது. கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம்னு வச்சுக்கிட்டா, வெளியே வரும் காற்றின் வெப்பம் சுமார் 135 டிகிரி. சூடான காற்று விரிஞ்சிருக்கும். அதே இடத்தில் ஆக்சிஜன் குறைவாத்தான் இருக்கும். அதனாலதான் நடுவில் இன்டர்கூலர்.

கம்பெனி கொடுத்த இன்டர்கூலர் 70 சதவீதத் திறனோட வேலை செஞ்சா, அந்த 135 டிகிரி 67-க்கு இறங்கும். காற்றின் அடர்த்தி சுமார் 20 சதவீதம் கூடும். பெரிய லாபம்தான், சந்தேகமே இல்ல. இப்போ காசு கொடுத்து 80 சதவீதத் திறன் உள்ள பெரிய இன்டர்கூலர் போடறோம். வெப்பம் 57 டிகிரி ஆகும். கூடுதலா கிடைக்கிற அடர்த்தி? சுமார் 3 சதவீதம். பெட்ரோல் வண்டின்னா நாக்கிங் அபாயமும் கொஞ்சம் குறையும். ஆனா பெரிய கோர் உள்ளே அழுத்தத்தைத் தின்னுச்சுன்னா, அந்த 3 சதவீதத்திலும் ஒரு பங்கு போயிடும்.

அடுத்து கசிவு. ஒரு ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து பத்தில் ஒரு பங்கு காற்று வெளியே போகுதுன்னு வச்சுக்குங்க. பெரிய இன்டர்கூலர் கொடுக்கிற லாபத்தைப் போல மூணு மடங்கு அந்த ஓட்டை வழியா போகுது. ஓட்டை வாளியில் தண்ணி நிக்கலைன்னா பெரிய குழாயா மாட்டுவோம்?

கசிவு போடுற வேஷம்

கசிவு இருக்கிற வண்டி, இன்டர்கூலர் பத்தாத வண்டி மாதிரியே நடிக்கும். எப்படின்னா, காற்று வெளியே போறதால கேட்ட பூஸ்ட் வரல. உடனே இசியூ டர்போவை இன்னும் வேகமா சுத்த வைக்குது. வேகமா சுத்தினா டர்போவின் திறன் குறைஞ்சு காற்று இன்னும் சூடாகும். ஸ்கேனரில் பார்த்தா இன்டேக் வெப்பம் எகிறியிருக்கும். நம்மாளு பார்த்துட்டு, "மச்சி, இன்டர்கூலர் பத்தல"ன்னு தீர்ப்பு சொல்லிடுவான். உள்ளே வரும் காற்றை முன்னாடியே அளந்து அதுக்கேற்ப எரிபொருள் விடுற வண்டியில் இன்னொரு கூத்து நடக்கும். அளந்த காற்று சிலிண்டருக்கு வந்து சேராது. எரிபொருள் மட்டும் வந்துடும். கரும்புகைக்கு அதுதான் காரணம். டர்போவின் ஆயுளும் குறையும்.

"சீனியர் பெரிய இன்டர்கூலர் போட்டார், வண்டி பறக்குது"ன்னு நீங்க சொல்லலாம். பறக்கும். புது கிட் மாட்டும்போது பழைய ஹோஸ், பழைய கிளாம்ப் எல்லாத்தையும் கழற்றிப் புதுசு போட்டிருப்பாங்க. பழைய கசிவு அதோட அடைபட்டிருக்கும். பேர் மட்டும் இன்டர்கூலருக்கு. இதுக்கு நேர்மாறாவும் நடக்கும்: கிட்டோட வரும் கூடுதல் குழாய் ஒவ்வொண்ணுக்கும் இரண்டு இணைப்பு, ஒவ்வொரு இணைப்பும் கசிய ஒரு புது வாய்ப்பு.

பஞ்சர் கடையில் இருக்கு பாடம்

டியூப்பில் காற்றடிச்சுத் தண்ணித் தொட்டியில் முக்கிக் குமிழி வருதான்னு பார்க்கிறாரே பஞ்சர் கடை அண்ணாச்சி, பூஸ்ட் லீக் டெஸ்ட்டும் அதேதான். வண்டியைத் தொட்டியில் முக்க முடியாது, அதனால சோப்புத் தண்ணியை வண்டிகிட்ட கொண்டு போறோம்.

எஞ்சின் ஆஃப் பண்ணி நல்லா ஆறியிருக்கணும். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயைக் கழற்றி, டர்போவின் வாயில் அளவான பிவிசி மூடி ஒண்ணை ரப்பர் ஹோஸும் கிளாம்ப்பும் போட்டு இறுக்குங்க. அந்த மூடியில் ஓட்டை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வு ஒண்ணைச் சொருகியிருக்கணும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைங்க, இல்லைன்னா கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி ஆயில் சீல் பிதுங்கலாம். ரெகுலேட்டர் வழியா முதல்ல 5 பிஎஸ்ஐ, பிறகு மெதுவா ஏற்றுங்க. வண்டியின் வழக்கமான பூஸ்டைத் தாண்டவே கூடாது. பஞ்சர் கடை கம்ப்ரசர் டேங்கில் 100 பிஎஸ்ஐக்கு மேலேயே இருக்கும். ரெகுலேட்டர் இல்லாம நேரா இணைச்சா மூடி தோட்டா மாதிரி தெறிக்கும். மூடிக்கு நேர் எதிரே யாரும் நிற்காதீங்க.

இப்போ ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணி தெளிங்க. ஹோஸ் கிளாம்ப், ஓ-ரிங், ஹோஸின் அடிப்பக்கம், இன்டர்கூலரின் அலுமினிய கோரும் பிளாஸ்டிக் டேங்க்கும் சேரும் விளிம்பு, டைவர்ட்டர் வால்வு எதையும் விடாதீங்க. நுரை பொங்குற இடம் கசிவு. ஆயில் மூடி வழியா லேசா காற்று வந்தா பதறாதீங்க. வால்வு, பிஸ்டன் ரிங் தாண்டி கொஞ்சம் வரத்தான் செய்யும்.

ஆலங்குளத்தில் ஒரு நண்பன் வீட்டில் டிரிப் ஓடுற டீசல் கார் இருக்கு. (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லைங்க, நம்ம விருதுநகர் மாவட்டத்து சிமெண்ட் ஆலை ஆலங்குளம்.) குற்றாலம் தாண்டி செங்கோட்டை, ஆரியங்காவு ஏற்றத்தில் ஆள் ஏத்திக்கிட்டுப் போனா கரும்புகை, இழுவை இல்ல. பி0299-ன்னு ஸ்கேனரில் கோடு வந்துச்சு, அதாவது பூஸ்ட் பத்தல. ஒரு கடையில் பெரிய இன்டர்கூலர் கிட்டுக்கு விலை சொல்லிட்டாங்க. அவங்க அப்பாவுக்கு அது பல டிரிப்போட சம்பாத்தியம். டெஸ்ட் பண்ணினப்போ கீழ் ஹோஸின் அடியில், கண்ணுக்கே தெரியாத இடத்தில் ஒரு வெடிப்பு. சுத்தி ஆயில் ஈரம் வேற. ஹோஸையும் கிளாம்ப்பையும் மாத்தினதும் புகை நின்னுச்சு. டிரிப் ஓடி வீடு நடத்துற அப்பாக்கள் நம்ம காலேஜில் நிறைய பேருக்கு உண்டு. அந்தக் காசை யூகத்தில் செலவழிக்க நமக்கு உரிமை இல்ல.

அதே வண்டியில் இன்டர்கூலர் ஃபின்களுக்கு இடையில் தூசி அப்பியிருந்துச்சு. லாரிகளோட புழுதியில் ஓடுற வண்டி, வேற எப்படி இருக்கும்? ஃபின் அடைச்சா வெளிக்காற்று புகாது, எவ்வளவு பெரிய இன்டர்கூலரும் சும்மாதான். ஃபின் வளையாத மாதிரி மெதுவான தண்ணியில் கழுவுங்க.

அப்போ எப்போதான் வாங்கறது?

பெரிய இன்டர்கூலரே வேண்டாம்னு நான் சொல்லல. ரீமேப் பண்ணி பூஸ்ட் ஏற்றின வண்டி, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி டிராக்கில் சுற்றுக்குச் சுற்று முழு ஆக்சிலரேட்டரில் ஓடுற வண்டி, இதுக்கெல்லாம் நியாயம் இருக்கு. அதுக்கும் முன்னாடி வண்டியில் என்ன இருக்குன்னு பாருங்க. போலோ, டைகுன் மாதிரி வண்டிகளின் 1.0 டிஎஸ்ஐ எஞ்சினில் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கு, தண்ணியால குளிருது. பம்பருக்குப் பின்னாடி ஒண்ணைத் தொங்கவிடற யோசனை அங்கே அப்படியே செல்லாது.

என் விதி இதுதான். கசிவு இல்லைன்னு டெஸ்ட் சொல்லணும். ஃபின் சுத்தமா இருக்கணும். அதுக்குப் பிறகும், அடுத்தடுத்து நாலு தடவை முழு இழுவையில் ஓட்டிப் பதிவு பண்ணினா, இன்டேக் வெப்பம் ஒவ்வொரு தடவையும் ஏறிக்கிட்டே போகணும். இந்த மூணும் இருந்தா தாராளமா வாங்குங்க, நானே கூட வந்து ஸ்பேனர் பிடிக்கிறேன்.

நாலு வருஷம் படிச்சு, அளக்காம பார்ட்ஸ் மாத்தினா படிப்புக்கு என்ன மரியாதை? பஞ்சர் கடை அண்ணாச்சி குமிழியைப் பார்க்காம ஒரு நாளும் பேட்ச் ஒட்டுறதில்ல. உங்க வண்டியோ, உங்க அப்பா வண்டியோ, இந்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறங்க. எங்கே நுரை வந்துச்சுன்னு ஒரு ஃபோட்டோ எடுத்து இதழுக்கு அனுப்புங்க. அடுத்த இதழில் எல்லாத்தையும் சேர்த்துப் பார்ப்போம்.