வேகம் பிடித்த பிள்ளைகளுக்கு ஓர் ஓடுதளம் வேண்டும்



நமது இதழில் பெரும்பாலும் ஜி.எஸ்.டி., உரிமம் புதுப்பித்தல், தராசு முத்திரை, கடை வாடகை என்று நம் தொழில் சம்பந்தப்பட்ட விஷயங்களையே எழுதி வருகிறோம். இம்முறை நம் கடைகளில் சரக்கு எடுத்துக் கொடுக்கிற, நம் தெருமுனைகளில் வேலையில்லாமல் நிற்கிற பிள்ளைகளைப் பற்றி எழுத விரும்புகிறேன். இதுவும் நம் தொழில் சம்பந்தப்பட்டதுதான் என்பதைப் படித்து முடித்ததும் ஒப்புக்கொள்வீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சங்குத்துறை, சொத்தவிளை பக்கம் போகிறவர்களுக்கும், நான்குவழிச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சைலன்சரை மாற்றி, பக்கக் கண்ணாடியைக் கழற்றி, முன்சக்கரத்தைத் தூக்கி 'வீலிங்' என்று ஓட்டுகிறார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பயல்கள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர்கள், தகப்பன் வெளிநாட்டிலோ குடியிலோ இருப்பவர்கள், கஞ்சா வழக்கில் ஒருமுறை ஸ்டேஷன் வாசலை மிதித்தவர்கள் இவர்களில் உண்டு. ஒரு நாள் சறுக்கினால் மறுநாள் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அச்சகக்காரருக்கு ஒரு நாள் வேலை. பெற்றவளுக்கு ஆயுள் முழுக்கத் துக்கம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியின்றிச் சாலையில் பந்தயம் ஓட்டினால் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். 2023-ல் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த ஒரு யூடியூப் பிரபலம் கைதானார். அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு முடக்கப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த பயல்கள் எத்தனை பேர் வண்டியை ஓரங்கட்டினார்கள்? பயம் ஒரு வாரம் இருக்கும். பிறகு பழைய கதைதான்.

நமக்கும் இதில் பங்கு உண்டு

காவல்துறையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. லைசென்ஸ் இல்லாத கடைப்பையனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்து, "மக்கா, வெரசா போய்க் கொடுத்துட்டு வா" என்று அனுப்புகிற வழக்கம் நம் கடைவீதிகளில் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? அதே சட்டம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவன் வண்டி ஓட்டி மாட்டினால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோதான் குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, ரூ.25,000 அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாதவனை எந்தக் கடையில் டெலிவரி வேலைக்கு வைப்போம்? ஒரு மாலைநேர விளையாட்டில் அவன் பிழைப்பே போய்விடுகிறது.

கோ-கார்ட் என்பது என்ன?

இப்பிள்ளைகளின் ஆசை வேகம். அதை அடியோடு பிடுங்க முடியாது. இடம் மாற்றத்தான் முடியும். அதற்கு ஏற்றது கோ-கார்ட் பந்தயம் என்பது என் கருத்து.

1956-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்துக்கான எஞ்சினை இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி முதல் கார்ட்டைச் செய்தார். இன்றும் அதன் அமைப்பு எளிதுதான். கியர் இல்லை, ஸ்பிரிங் இல்லை, தரையிலிருந்து இரண்டு அங்குலம்கூட உயரம் இருக்காது. வலது காலுக்கு வேகம், இடது காலுக்குப் பிரேக். வாடகைக்கு ஓடும் பல கார்ட்களில், நம் விவசாயிகள் தண்ணீர் இறைக்கும் பம்பில் பார்த்துப் பழகிய ஹோண்டா ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் வகையே இருக்கிறது. ஒரு பெரிய கொட்டகைக்குள் டயர்களை அடுக்கித் தடுப்புக் கட்டினால் ஓடுதளம் ஆகிவிடும். எதிரே லாரி வராது, குறுக்கே பள்ளிப் பிள்ளை வராது.

இதில் அடங்கியுள்ள பாடம்தான் முக்கியம். இவ்வகைக் கார்ட்டில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே. வளைவின் நடுவில் பதறிப் பிரேக்கை மிதித்தவன் சுழன்று நின்றுவிடுவான். முன்கூட்டியே நேராக நின்று பிரேக் பிடித்து, அலுங்காமல் திருப்புகிறவனே முந்துவான். மஞ்சள் கொடி காட்டினால் முந்தக் கூடாது. நீலக் கொடி காட்டினால் பின்னால் வருபவனுக்கு வழிவிட வேண்டும். கறுப்புக் கொடி காட்டினால் வெளியே வந்துவிட வேண்டும். வீட்டில் யார் சொல்லும் கேளாத பையன் ஒரு துணிக்கொடிக்குக் கட்டுப்படுகிறான். எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. பணக்காரன் மகன், கூலிக்காரன் மகன் என்ற பேதமில்லை, கடிகாரம்தான் நீதிபதி.

மற்ற இடங்களில் நடந்தது

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1965-ல் பெரும் இனக்கலவரம் நடந்தது. அதன்பின் பிக் வில்லி ராபின்சன் என்ற கறுப்பினத்தவர், தெருவில் கார்ப் பந்தயம் ஓட்டிய இளைஞர்களை இனம், கோஷ்டி பாராமல் ஒன்றாகத் திரட்டினார். நகர மேயர் டாம் பிராட்லியின் ஆதரவோடு 1974-ல் டெர்மினல் தீவில் அவர்களுக்கென ஒரு பந்தயத் தளம் திறக்கப்பட்டது. நிலமோ துறைமுகத்துக்குச் சொந்தம். அதனால் பலமுறை மூடித் திறந்து, 1995-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. ஒப்பந்தம் பலமாக இல்லாத இடத்தில் கடை வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? லண்டனில் இல்டர்டன் மோட்டார் திட்டம் என்ற பெயரில், கார் திருடி மாட்டிய பிள்ளைகளுக்குப் பழைய கார்களைப் பழுதுபார்க்கவும், அவற்றையே பந்தயத்தில் ஓட்டவும் பழக்கினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? கோவையில் ஆலைத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரை உருவாக்கினார். அந்தக் காரில் பழகியவர்களில் ஒருவர்தான் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன். ஒரு தொழில் குடும்பத்தவர் மனம் வைத்ததால் கிடைத்த பலன் அது. சென்னையில் கருணாலயா அமைப்பின் தெருவோரப் பிள்ளைகள் இடம்பெற்ற தென்னிந்திய அணி 2019-ல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தெருச்சிறார் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றது. வாய்ப்புக் கொடுத்தால் பிள்ளைகள் சோடை போவதில்லை.

ஆட்சேபணைகளும் பதிலும்

"இது பணக்கார விளையாட்டு" என்பார்கள். ஆளுக்கொரு வண்டி வாங்கினால் பணக்கார விளையாட்டுதான். பத்து வண்டியை ஐம்பது பேர் முறைவைத்து ஓட்டினால் அப்படியல்ல. "கால்பந்து போதாதா?" என்பார்கள். தூத்தூர், இரவிபுத்தன்துறைக் கடற்கரையில் கால்பந்து எத்தனையோ பிள்ளைகளைக் கரைசேர்த்திருக்கிறது. மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். வரை சென்றார். அதை வணங்குகிறேன். ஆனால் எஞ்சின் சத்தத்துக்கு ஓடிவருகிற பையன் பந்துக்கு வருவதில்லை. "வேகத்தைச் சொல்லிக் கொடுத்தால் சாலையிலும் அதையே செய்வான்" என்பதே கனமான ஆட்சேபணை. வெறும் ஓட்டம் மட்டும் கொடுத்தால் அப்படியும் ஆகலாம். ஆகவே சில நிபந்தனைகள் வேண்டும்.

1. சாலையில் வீலிங், பந்தயம் என்று மாட்டினால் ஓடுதளத்தில் இடமில்லை. போதைக்கும் இதே விதி.

2. ஒரு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மணி நேரம் பட்டறை வேலை. செயின், பிரேக், கார்புரேட்டர் எல்லாம் அவர்களே கழற்றி மாட்ட வேண்டும். கோணம் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர விரும்புகிறவனுக்குக் கட்டணம் நாம் கட்டலாம்.

3. எந்தப் பிள்ளையைச் சேர்ப்பது என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் காவல்துறையும் தலைமையாசிரியர்களும் கலந்து சொல்ல வேண்டும். சிபாரிசுக்கு இடம் கூடாது.

4. பூட்டிக் கிடக்கிற முந்திரி ஆலைக் கொட்டகையோ கிட்டங்கியோ கிடைத்தால், பத்தாண்டுக்குக் குறையாமல் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட வேண்டும். மூடிய கொட்டகையில் பெட்ரோல் புகை உயிரைக் குடிக்கும். ஆகவே பேட்டரி வண்டி வாங்க வேண்டும். இல்லையேல் புகைபோக்கி விசிறிகள் போதிய அளவு வேண்டும். தலைக்கவசம், இன்சூரன்ஸ் இன்றி ஒருவனும் வண்டியில் ஏறக் கூடாது.

5. பயிற்சி முடித்தவனுக்கு நம் உறுப்பினர்களின் கடை, ஒர்க்‌ஷாப், லாரி செட்டில் வேலை கொடுக்க வேண்டும். ஓட்டம் தூண்டில் மட்டுமே. கடைசியில் கையில் கிடைக்க வேண்டியது தொழில்.

திறமையுள்ள நாலு பேர் வெளியூர்ப் போட்டிக்குப் போகட்டும். கோப்பை கொண்டு வந்தால் மகிழ்ச்சி. மற்றவர்கள் உயிரோடு, லைசென்சோடு, கைத்தொழிலோடு வீடு திரும்பினால் அதுவே நம் லாபம்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையில் இரவுநேரக் கார் பந்தயம் நடத்தத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் துணைநின்றது. தலைநகரில் அதைச் செய்த ஆணையத்திடம், தெற்குக் கோடியில் ஒரு கொட்டகைக்கும் ஒரு பயிற்சியாளருக்கும் உதவி கேட்பது பேராசை ஆகாது. ஆனால் கேட்கப் போகும்போது நம் பங்குப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். கோயில் கொடைக்கும் ஆயுத பூஜைக்கும் தாராளமாக எழுதுகிற கைகள் நம்முடையவை. அதில் ஒரு சிறு பங்கு போதும்.

சங்கச் செயலாளர் அவர்கள் இதனை அடுத்த செயற்குழுவில் பொருளாக வைத்து, மே 5 வணிகர் தினத்துக்கு முன்பாக ஐவர் குழு ஒன்றை அமைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, உறுப்பினர்கள் அனைவரும் செலவில்லாத ஒரு காரியம் செய்யலாம். லைசென்ஸ் இல்லாத பையனிடம் இன்று முதல் வண்டிச் சாவியைக் கொடுக்காதிருப்போம்.