நீதியரசர் தெரிவு: காப்பரண் நிலைக்க வேண்டும்

உயர் நீதிமன்றத்துக்கு நீதியரசர்களைத் தெரிவு செய்வது கொழும்பின் விவகாரம் எனக் கினிகத்தேனைத் தோட்டத் தொழிலாளி ஒதுங்கிவிட முடியாது. பிரஜாவுரிமைச் சட்டத்தால் வாக்குரிமை இழந்த மலையகத் தமிழரின் வழக்கு 1951 இலும், ஜனாஸாக்களைத் தகனம் செய்வதற்கு எதிரான மனுக்கள் 2020 டிசம்பரிலும் அங்கேயே தோல்வி கண்டன.

2001 இல் 17 ஆவது திருத்தம் இந்நியமனங்களுக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தை அவசியமாக்கியது. அவ்வேற்பாடு 2010 இல் நீக்கப்பட்டு, 2015 இல் மீண்டு, 2020 இல் மறுபடியும் பறிபோய், 2022 இல் 21 ஆவது திருத்தத்தால் திரும்பியது. இன்று ஜனாதிபதி பெயர்களை விதந்துரைக்கிறார். பேரவை அங்கீகரித்தாலன்றி நியமனம் இல்லை.

சிறுபான்மையினர் கோருவது சாதகமான தீர்ப்பையல்ல. ஆட்சியாளருக்குக் கடன்படாத நீதிபதியையே. மூன்றிலிரண்டு பெரும்பான்மை கிடைத்தவுடன் கலைக்கக்கூடிய பேரவை அதற்குப் போதுமான காப்பரணாகாது. சர்வசன வாக்கெடுப்பின்றி அதனை மாற்ற முடியாதெனச் சட்டமாக்குவதே தீர்வாகும்.